கப்பல் குடுத்தீங்க, போறதுக்கு இடம் குடுக்கல: ஸ்பெல்ஜாமர் விஷயமா ஒரு திறந்த மடல்

விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் டிசைன் பண்ற டீமுக்கு,

வணக்கம். 2022 ஆகஸ்ட்ல நீங்க ஸ்பெல்ஜாமரை, அதாவது உங்க விளையாட்டோட பழைய விண்வெளி உலகத்தை, புத்தகமாத் திரும்பக் கொண்டு வந்தீங்க. வந்து இத்தனை வருஷம் ஆன பிறகு எதுக்கு இப்ப மடல்னு கேக்கலாம். அந்தப் புத்தகங்களை வச்சு நிஜமா விளையாடிப் பாத்தவங்க சொல்றதுக்கு இப்பதான் விஷயம் சேந்திருக்கு. வெளியான வாரத்துல எல்லாரும் அட்டைப் படத்தைப் பத்தித்தான் பேசுவாங்க. மேஜையில உக்காந்து பல செஷன் ஓட்டினப்புறம்தான் எது நின்னுச்சு எது நிக்கலன்னு தெரியும். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்: ஜந்துக்கள் நின்னுச்சு, புது இனங்கள் நின்னுச்சு, கப்பல் நிக்கல. ஸ்பெல்ஜாமர்ல கப்பல் நிக்கலன்னா மத்தது எதுவும் ரொம்ப நாள் தாங்காது.

இதைப் படிக்கிற எல்லாருக்கும் இது என்னன்னு தெரிஞ்சிருக்காது, அதனால கொஞ்சம் பின்னாடி போறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கறது மேஜையைச் சுத்தி உக்காந்து, ஆளுக்கு ஒரு கேரக்டரா டைஸ் உருட்டிக் கதைக்குள்ள விளையாடுறது, கதையை நடத்துறவர்தான் டன்ஜன் மாஸ்டர், கதை நடக்குற உலகத்துக்குப் பேர் செட்டிங். 1989ல, அப்ப இந்த விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் கம்பெனிக்காக, ஜெஃப் க்ரப் உருவாக்குன உலகம் இது. ராக்கெட் கிடையாது, லேசர் கிடையாது. மரத்துல செஞ்ச பாய்மரக் கப்பல், அதுல மந்திர ஹெல்ம்னு ஒரு நாற்காலி, அதுல மந்திரம் தெரிஞ்ச ஒருத்தர் உக்காந்தா கப்பல் வானத்தைத் தாண்டிப் போயிடும். கப்பலைச் சுத்தி ஒரு காத்துக் குமிழி கூடவே வரும், டெக்குல நின்னுக்கிட்டே நட்சத்திரத்தைப் பாக்கலாம். நீர்யானை முகத்தோட துப்பாக்கி தூக்கிட்டு அலையுற கிஃப், அடிமை வியாபாரம் பண்ற நியோகி, மூளை தின்னுற மைண்ட் ஃப்ளேயருங்க ஓட்டுற நாட்டிலாய்டு கப்பல் எல்லாம் அந்த வானத்துல திரியும். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், க்ரேஹாக், டிராகன்லான்ஸ்னு தனித்தனியா இருந்த உலகங்களுக்கு நடுவுல ஒரு பாதை போட்டுக் குடுத்த செட்டிங் அது. 1993 வரைக்கும் புத்தகம் வந்துச்சு, அப்புறம் நின்னுபோச்சு. 1997ல டிஎஸ்ஆரை நீங்க வாங்கினீங்க, அதுக்கப்புறமும் முழு செட்டிங்கா அது திரும்பி வர 2022 ஆச்சு. கிட்டத்தட்ட முப்பது வருஷம். அவ்வளவு நாள் காத்திருந்தவங்க கையில நீங்க என்ன குடுத்தீங்கன்றதுதான் இங்க பேச்சு.

நல்லதை முதல்ல சொல்லணும், ஏன்னா அது உண்மையிலேயே நல்லது. பூஸ் ஆஸ்ட்ரல் மெனஜரிங்குற ஜந்து புத்தகம் அருமையா இருக்கு, ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பும்போது இதை எப்ப இறக்கலாம்னுதான் தோணும். விளையாடுறவங்க தங்கள் கேரக்டருக்கு எடுத்துக்கக்கூடிய அந்த ஆறு புது இனங்களும் (ஆஸ்ட்ரல் எல்ஃப், ஆட்டோநோம், கிஃப், ஹாடோஸி, பிளாஸ்மாய்டு, த்ரி-க்ரீன்) மேஜையில உடனே உயிர் பிடிச்சிடுது. எங்க மேஜையில ஒரு ஃப்ரெண்ட் பிளாஸ்மாய்டு எடுத்தாரு. உடம்பே கூழ் மாதிரி, கையிலயும் உடம்பு மேலயும் ஒண்ணும் இல்லன்னா ஒரு இஞ்சு சந்துலகூட நுழைஞ்சு போகலாம். பூட்டுன கதவு ஒண்ணு வந்துச்சு. அவரு தன்னோட கவசம், கத்தி, பணப்பை எல்லாத்தையும் ஒண்ணொண்ணாக் கழட்டி பக்கத்துல இருந்த ஆட்டோநோம் கையில குடுத்துட்டு கதவுக்கு அடியில வழிஞ்சு போனாரு. அந்தப் பக்கம் மூணு காவலாளி, இவரு கையில ஒண்ணும் இல்ல, அடுத்த இருபது நிமிஷம் யாரும் நாற்காலியில சாய்ஞ்சே உக்காரல. ஒரே ஒரு வரி ரூல் அத்தனை கதையைத் தந்துச்சு. இப்படி எழுதத் தெரிஞ்ச டீம்தான் நீங்க, அதனாலதான் மத்ததைப் பாக்கும்போது மனசு ஆறல.

பெட்டியில மூணு புத்தகம், ஒவ்வொண்ணும் 64 பக்கம், ஆக மொத்தம் 192 பக்கம், விலை 69.99 டாலர். மூணுல ஒண்ணு ஜந்துக்களுக்கு, ஒண்ணு லைட் ஆஃப் ஸாரிக்சிஸ்ங்குற ரெடிமேட் சாகசத்துக்கு, மிச்சம் இருக்குற ஒண்ணுதான் செட்டிங். அந்த 64 பக்கத்துலயும் முதல் அத்தியாயம் இனங்கள், பின்னணிகள், மந்திரங்கள். கடைசி அத்தியாயம் ராக் ஆஃப் ப்ராலுங்குற விண்கல் நகரம். நடுவுல இருக்குற ஒரே அத்தியாயத்துலதான் காத்து, ஈர்ப்பு, ஆஸ்ட்ரல் கடல், ஹெல்ம், அப்புறம் கப்பல்கள் எல்லாம் அடக்கம். கப்பல் ஒவ்வொண்ணுக்கும் வரைபடம் அழகா போட்டிருக்கீங்க, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா வரைபடமும் நம்பரும் எடுத்த இடம் போக விளையாட்டுக்குன்னு மிஞ்சினது ரொம்பக் கம்மி. 2019ல எபெரான் செட்டிங்குக்கு முந்நூறு பக்கத்துக்கு மேல குடுத்தீங்க, 2021ல ரேவன்லாஃப்டுக்கு 256. ஒரே ஒரு உலகத்துக்கு அவ்வளவு இடம் குடுத்துட்டு, எல்லா உலகங்களுக்கும் நடுவுல இருக்குற வெளிக்கு இவ்வளவுதானா?

பக்கம் கம்மிங்கறது மட்டும் இல்ல பிரச்சனை. கப்பல் சண்டையை எடுத்துக்கோங்க. ரெண்டு கப்பல் தூரத்துல பாத்துக்குது, எதிரிக் கப்பல் மரக் கப்பல், ஏசி 15 (அடி படணும்னா டைஸ்ல எட்ட வேண்டிய எண்), ஹெச்பி 300 (மொத்தமாத் தாங்குற சேதம்), டேமேஜ் த்ரெஷோல்ட் 15. அதாவது ஒரே அடியில 15க்குக் கீழ வந்தா கப்பலுக்கு ஒண்ணுமே ஆகாது. நம்ம கையில பாலிஸ்டாங்குற பெரிய அம்பு எந்திரம், அடிக்கிறதுக்கு பிளஸ் 6, சேதம் மூணு பத்துப்பக்க டைஸ். மூணு டைஸ் போட்டா சராசரி 16.5. அப்ப அம்பு பட்டாலும் ஏறக்குறைய மூணுல ஒரு தடவை கீறல்கூட விழாது, படாமப் போறது தனிக் கணக்கு. உக்காந்து கணக்குப் போட்டேன், அந்தக் கப்பலை ஒரு பாலிஸ்டாவை வச்சு முடிக்க முப்பது ஷாட்டுக்கு மேல ஆகும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் லோட் பண்ண ஒரு ஆக்‌ஷன், குறி பாக்க ஒரு ஆக்‌ஷன், சுட ஒரு ஆக்‌ஷன். அஞ்சு பேர் பார்ட்டியில, அதாவது விளையாடுற குழுவுல, ஒருத்தர் ஹெல்ம்ல, மூணு பேர் பாலிஸ்டாவுல. ஃபைட்டர் லோட் பண்ணிட்டு தன் டர்ன் முடிஞ்சதுன்னு சொல்றாரு, ரோக் குறி பாத்துட்டு முடிஞ்சதுன்னு சொல்றாரு, மூணாவது ஆள் சுடுறாரு, அம்பு படுது, சேத டைஸ்ல 14 வருது, கப்பலுக்குச் சேதம் பூஜ்யம். அஞ்சாவது ஆள் டெக்குல நின்னு வேடிக்கை பாக்குறாரு. இது மாதிரி ரெண்டு ரவுண்டு போச்சுன்னா யாரா இருந்தாலும் போன் எடுத்துடுவாங்க.

கப்பலுங்க சீக்கிரம் ஒட்டணும், தாவி ஏறி எதிரி டெக்குல கத்திச் சண்டை போடணும், கேரக்டர் மேலதான் கவனம் இருக்கணும்னு நினைச்சுத்தான் இப்படி வச்சிருப்பீங்கன்னு புரியுது. தாவி ஏறுறது எனக்கும் பிடிக்கும். ஆனா அது வரைக்கும் போற வழியில முடிவு எடுக்குற வேலை யாருக்காவது இருக்கணும் இல்லையா? துரத்துறதா தப்பிக்கிறதா, விண்கல் கூட்டத்துக்குள்ள நுழையுறதா சுத்திப் போறதா, பாயைக் கிழிச்சு வேகத்தைக் குறைக்கிறதா அடியில ஓட்டை போடுறதா? இதுக்கெல்லாம் உங்க புத்தகத்துல பிடிமானம் இல்ல. பாய்க்கும் சுக்கானுக்கும் தனியா எதுவும் கிடையாது, கப்பல் உடம்பு முழுசுக்கும் ஒரே ஹெச்பி. கப்பல் போய் மோதுனா என்ன ஆகும்னு ரூல் இருக்கு, மோதாம எப்படித் திருப்புறதுன்னு ரூல் இல்ல.

இதுல ரொம்ப உறுத்துற விஷயம், இதை நீங்களே ஏற்கனவே பண்ணி வச்சிருந்தீங்க. 2019ல வந்த கோஸ்ட்ஸ் ஆஃப் சால்ட்மார்ஷ் புத்தகத்தோட பின்னிணைப்புல கடல் கப்பலுக்கு முழு ரூல்ஸ் இருக்கு. கேப்டன், முதல் மேட், போசன், குவார்ட்டர்மாஸ்டர், வைத்தியர், சமையல்காரர்னு ஆளுக்கு ஒரு பொறுப்பு. பாய்க்குத் தனி ஹெச்பி, அதுல அடிபட்டா வேகம் குறையும். மாலுமிங்க மனநிலைக்கே ஒரு நம்பர், அது இறங்கிட்டே போனா கலகம் வரலாம். அது குறை இல்லாத ரூல்ஸ்னு சொல்ல வரல, மெதுவாத்தான் ஓடும், ஆனாலும் அஞ்சு பேருக்கும் வேலை இருந்துச்சு. அதைச் சீர் பண்ணி வானத்துக்கு ஏத்தியிருந்தா இந்த மடலுக்கே தேவை வந்திருக்காது. இப்ப பல டன்ஜன் மாஸ்டருங்க சால்ட்மார்ஷை ஒரு பக்கம் ஸ்பெல்ஜாமரை ஒரு பக்கம் திறந்து வச்சு ரெண்டையும் தைச்சுட்டு இருக்காங்க.

ஹெல்ம் விஷயத்துக்கு வரேன். பழைய ரூல்ஸ்ல ஹெல்ம்ல உக்காந்தா அன்னிக்கு இருக்குற மந்திரம் எல்லாம் போயிடும். கப்பல் எவ்வளவு நல்லா ஓடும்ங்கிறது உக்காந்தவரோட லெவலைப் பொறுத்தது. அப்ப பார்ட்டியில பெரிய மந்திரவாதியை ஹெல்ம்ல உக்கார வச்சா கப்பல் பறக்கும், ஆனா சண்டை வந்தா அவர் கையில ஒண்ணும் இருக்காது. கம்மி லெவல் ஆளை உக்கார வச்சா கப்பல் மெதுவாப் போகும், ஆனா மந்திரவாதி தயாரா இருப்பாரு. கிளம்பும்போதே ஒரு சூதாட்டம். நீங்க அதை மொத்தமா எடுத்துட்டீங்க, இப்ப உக்காரறவருக்கு ஹெல்மோட அட்யூன்மென்ட் (மந்திரப் பிணைப்பு) வேணும், ஓட்டும்போது கான்சன்ட்ரேஷன் (சிதறாத கவனம்) வேணும், ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடக் கையிருப்பு) எதுவும் செலவாகாது, யார் உக்காந்தாலும் கப்பல் ஒரே மாதிரிதான் ஓடும். ஒருத்தர் செஷன் முழுக்க மந்திரம் இல்லாம உக்காந்திருக்கறது கொடுமைதான், அதனால பழசை மாத்துனதை ஒத்துக்கறேன். ஆனா வலியை எடுக்கும்போது அந்த முடிவையும் சேத்து எடுத்துட்டீங்க. ஒரு ஸ்லாட் செலவு பண்ணா அந்த ரவுண்டுல கூடுதல் வேகம்னு ஒரு வரி போட்டிருந்தாகூட ஹெல்ம்ல இருக்கறவருக்கு ஒவ்வொரு டர்ன்லயும் யோசிக்க ஒண்ணு இருந்திருக்கும்.

பழைய ஆளுங்க நிறைய பேர் ஃப்ளொஜிஸ்டான் போச்சேன்னு வருத்தப்படுறாங்க. முன்னாடி ஒவ்வொரு சூரிய மண்டலமும் ஒரு பெரிய படிகக் கோளத்துக்குள்ள இருக்கும், கோளங்களுக்கு நடுவுல ஃப்ளொஜிஸ்டான்னு தீப்பிடிக்கிற ஒரு பொருள் ஆறு மாதிரி ஓடும். நீங்க அதை எடுத்துட்டு ஆஸ்ட்ரல் கடலை வச்சீங்க. எனக்கு அதுல பெரிய சண்டை இல்ல, செத்துப்போன தெய்வங்களோட கல்லு உடம்பு மிதக்குற வெள்ளிக் கடல்ங்கிறது பாக்கவே தனி அழகு. ஆனா ஃப்ளொஜிஸ்டான் செஞ்ச வேலை என்னன்னு பாருங்க. அங்க ஒரு விளக்கு ஏத்துனாலே வெடிக்கும், ஃபயர்பால் போட்டா போட்டவரே கருகிடுவாரு, பூசாரிக்கு தெய்வத்தோட தொடர்பு அறுந்து பெரிய மந்திரம் எதுவும் திரும்பக் கிடைக்காது. அந்த இடத்துக்குள்ள நுழையுறோம்னாலே எல்லாரும் தங்கள் கேரக்டர் ஷீட்டை இன்னொரு தடவை பாப்பாங்க. உங்க ஆஸ்ட்ரல் கடல்ல பசி இல்ல, தாகம் இல்ல, வயசும் ஏறாது. ரொம்பப் பத்திரமான இடம். பயணத்துக்கு நடுவுல இருக்குற இடமே பத்திரமா இருந்தா அதை ஒரு வரியில சொல்லித் தாண்டிடுவாங்க, அதான் நடக்குது.

காத்துக் கணக்கும் அப்படித்தான். கப்பல்ல ஆள் நிறைஞ்சிருந்தா காத்து 120 நாள் நல்லா இருக்கும், அடுத்த 120 நாள் கெட்டுப்போன காத்து, அதுக்கும் அப்புறம் மூச்சு முட்டும். படிக்கும்போது பயமா இருக்கு. ஆனா பக்கத்துல பெருசா எதுவும் இல்லன்னா கப்பல் ஒரு நாளைக்கு 100 மில்லியன் மைல் போகும்னும் நீங்களே சொல்றீங்க. நம்ம பூமியிலேர்ந்து சூரியன் சுமார் 93 மில்லியன் மைல்தான், ஒரு நாள்கூட ஆகாது. நெப்டியூன் வரைக்கும் போனாக்கூட ஒரு மாசத்துக்குள்ள முடிஞ்சுடும். அப்ப 120 நாள் எப்ப தீரும்? நடுவழியில உடைஞ்ச கப்பல்லேர்ந்து நூறு பேரைக் காப்பாத்தி ஏத்திக்கிட்டா தீரும், அப்பதான் யாரை விடறது எங்க ஒதுங்குறதுன்னு கேள்வி வரும், அந்தச் சூழ்நிலைதான் கதை. அப்படி ஒரு நிலைமையைக் கொண்டுவர ஒரு பக்கம், ஒரு டேபிள், நடுவழியில நடக்குற சம்பவங்கள்னு கொஞ்சம் குடுத்திருந்தா காத்து ரூல் சும்மா தாள்ல கிடக்காது.

சரி, கப்பல் கிளம்பிடுச்சுன்னே வச்சுக்குவோம், எங்க போறது? பழைய காலத்துல ரெல்ம்ஸ்பேஸ் (ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் இருக்குற மண்டலம்), க்ரேஸ்பேஸ், க்ரின்ஸ்பேஸ்னு ஒவ்வொரு சூரிய மண்டலத்துக்கும் தனிப் புத்தகமே வந்துச்சு, எந்தக் கிரகத்துல யார் இருக்காங்க எந்த நிலாவுல எது கிடைக்கும்னு எல்லாம் இருக்கும். 2022 பெட்டியில விவரமா வர்ற மண்டலம் ரெண்டு, டூம்ஸ்பேஸ், ஸாரிக்சிஸ்பேஸ், ரெண்டுமே சாகசப் புத்தகத்துக்குள்ளதான் இருக்கு. டூம்ஸ்பேஸ்ல சூரியன் கருந்துளையா மாறி மிச்ச உலகங்களை முழுங்கிட்டு இருக்கு. ஸாரிக்சிஸ்ல சூரியன் சாகக் கிடக்கு, அடுத்த உலகங்களோட உயிரை உறிஞ்சித்தான் எரியுது. வீடு கட்டவோ கடை போடவோ வியாபாரப் பாதை பிடிக்கவோ அந்த ரெண்டுலயும் முடியாது. அஞ்சாவது லெவல்லேர்ந்து எட்டாவது லெவல் வரைக்கும் போற அந்தச் சாகசமும் வேகமான தொடர் மாதிரி ஒரு திருப்பத்துலேர்ந்து அடுத்த திருப்பத்துக்குத் தள்ளிட்டே போகுது, படிக்க ஜோரா இருக்கு, ஆனா தண்டவாளத்துலதான் ஓடுது, கப்பல் கையில இருந்தும் விளையாடுறவங்க தங்கள் இஷ்டத்துக்குத் திருப்ப இடம் கம்மி. அது முடிஞ்சதும் எட்டாவது லெவல், ஒரு கப்பல், ஒரு ராக் ஆஃப் ப்ரால், அவ்வளவுதான் மிச்சம்.

ப்ரால் நல்ல நகரம். கடற்கொள்ளைக்காரங்க கூடுற இடமா ஆரம்பிச்சு இளவரசர் ஆளுற ஊரா ஆனது, ஒவ்வொரு தெருவுலயும் கதை இருக்கு. ஆனா ஒரு துறைமுகம்னா இன்னொரு துறைமுகம் வேணும். இங்க மலிவா வாங்கி அங்க விக்கணும், இங்க கடன் வாங்கி அங்க ஒளியணும், அங்க எதிரி இருக்கணும். சரக்கு எவ்வளவு ஏத்தலாம்னு கப்பல் பக்கத்துல டன் கணக்கு போட்டிருக்கீங்க, அந்தச் சரக்குக்கு என்ன விலை, மாலுமிக்கு என்ன சம்பளம், போன இடத்துல யார் வாங்குவாங்கன்னு ஒரு முறை கிடையாது. ஒரு கப்பலை வச்சுப் பிழைக்கிறதுதான் இந்த செட்டிங்கோட தினசரி வாழ்க்கை, அது புத்தகத்துலயே இல்ல.

ஹாடோஸி விஷயத்தையும் சொல்லாம விட முடியாது. குரங்கு போல முகமும் சறுக்கிப் பறக்குற தோலும் உள்ள அந்த மக்களை ஒரு மந்திரவாதி பிடிச்சு, மருந்து குடுத்து அறிவு வளர்த்து, அடிமையா விக்க நினைச்சான்னு புத்தகத்துல கதை எழுதியிருந்தீங்க. அது கறுப்பின மக்களை அடிமையாக்குன வரலாறையும் அவங்களைக் கேவலப்படுத்துன பழைய சித்திரங்களையும் நினைவுபடுத்துதுன்னு விளையாடுறவங்களே எழுந்து சொன்னாங்க. 2022 செப்டம்பர் தொடக்கத்துலயே மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கினீங்க. நீக்கினது சரி, சீக்கிரம் பண்ணதும் சரி. ஆனா நீக்கின இடத்துல ஒண்ணும் வைக்கல. அந்த இனத்தை எடுத்து விளையாடுற ஆளுக்கு இப்ப வரலாறுன்னு ஒண்ணும் பெருசா இல்ல. பழைய ஸ்பெல்ஜாமர்லயே அவங்க கைதேர்ந்த மாலுமிங்க, எந்தக் கப்பல்லயும் வேலை கிடைக்கும். அந்த இழையைப் பிடிச்சு, அவங்க ஊர், அவங்க கப்பல், அவங்க பெருமைன்னு அவங்களுக்கே சொந்தமான ஒரு கதையை, வெளியிலேர்ந்து ஒருத்தன் வந்து அறிவு குடுத்ததா இல்லாம, எழுதிக் குடுங்க. மன்னிப்பு அப்பதான் முழுசாகும்.

மிச்சத்தை டன்ஜன் மாஸ்டரே கற்பனை பண்ணிக்கலாமேன்னு சொல்றவங்க இருக்காங்க. கற்பனை பண்ணத்தான் நாங்க உக்காந்திருக்கோம், அதுல சோம்பேறித்தனம் இல்ல. ஒரு கிரகத்துல யார் ராஜா, அவரோட தங்கச்சிக்கு என்ன கோபம்னு நானே எழுதிக்குவேன், அதுதான் எனக்குச் சந்தோஷமே. ஆனா முப்பது ஷாட்டுக்கும் தாங்குற கப்பலுக்கு எவ்வளவு ஹெச்பி இருந்தா சண்டை ரெண்டு பக்கமும் சூடா இருக்கும்ங்கிறது கற்பனையால வராது, பல மேஜையில பல தடவை ஓட்டிப் பாத்து நம்பரைத் திருத்தினாத்தான் வரும். அந்த வசதி உங்ககிட்ட இருக்கு, வேலை முடிஞ்சு ராத்திரி உக்காந்து அடுத்த வார செஷனுக்குத் தயார் பண்ற ஒருத்தர்கிட்ட இல்ல. அதுக்குத்தான் நாங்க 69.99 டாலர் குடுக்குறோம்.

நீங்க கேக்கவே மாட்டீங்கன்னு நினைச்சா இவ்வளவு எழுத மாட்டேன். 2023ல பிளேன்ஸ்கேப்ங்குற இன்னொரு பழைய செட்டிங் அதே மாதிரி மூணு புத்தகப் பெட்டியில வந்தப்ப செட்டிங்குக்கு 96 பக்கம், சாகசத்துக்கு 96 பக்கம் குடுத்தீங்க, விலையும் 84.99 ஆச்சு, ஆனாலும் சிகில் நகரமும் அதைச் சுத்தியிருக்குற அவுட்லேண்ட்ஸும் நடமாடக்கூடிய இடமா இருந்துச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேம் வந்துச்சு, ஆரம்பமே ஒரு நாட்டிலாய்டு கப்பல் உள்ளதான். அதுக்கு முன்னாடி ஸ்பெல்ஜாமர்னு பேரே கேள்விப்படாத எத்தனையோ பேர் அந்தக் கப்பலோட உள்பக்கத்துல நடந்து பாத்துட்டாங்க. அவங்கள்ல சிலர் இப்ப மேஜைக்கு வந்து, எனக்கும் அப்படி ஒரு கப்பல் வேணும், அதை ஓட்டணும்னு கேக்குறாங்க. ஓட்டணும்னுதான் கேக்குறாங்க, கவனிங்க. 2024ல ரூல்ஸையே புதுப்பிச்சுட்டீங்க, அதனால திரும்பத் தொடறதுக்கு இதைவிட நல்ல நேரம் இல்ல.

அதனால என்னோட கோரிக்கை: பெட்டி வேணாம், டன்ஜன் மாஸ்டர் முன்னாடி நிறுத்துற மறைப்பு ஸ்க்ரீன் வேணாம், இன்னொரு ஜந்து புத்தகமும் இப்போதைக்கு வேணாம். ஒரே ஒரு புத்தகம் போடுங்க, அதுல பாதி கப்பலுக்கு, பாதி வானத்துக்கு. கப்பல் பாதியில அஞ்சு பேருக்கும் ஒவ்வொரு ரவுண்டும் தேர்ந்தெடுக்க வேலை, பாயையும் சுக்கானையும் ஹெல்மையும் தனித்தனியா அடிக்க முடியற சண்டை, சரக்கு, சம்பளம், கடன், பழுது. வான பாதியில உயிரோட இருக்குற சூரிய மண்டலம் குறைஞ்சது மூணு இருக்கட்டும், ரெல்ம்ஸ்பேஸ்லேர்ந்தே ஆரம்பிங்க, ஏன்னா உங்க விளையாட்டுக்காரங்கள்ல பெரும்பாலானவங்க நிக்குற தரை அதுதான், அவங்க தலையைத் தூக்கினா அந்த மண்டலத்து நிலாதான் தெரியும். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கப்பல் சண்டை ரூல்ஸை மட்டும் பிளேடெஸ்ட்டுக்கு, அதாவது விளையாடிச் சோதிச்சுப் பாக்க, எல்லார் கையிலயும் விடுங்க. எங்க மேஜையில ஓட்டிப் பாத்து, எந்த ரவுண்டுல யார் சும்மா உக்காந்திருந்தாங்கன்றது வரைக்கும் எழுதி அனுப்புறோம்.

இப்படிக்கு,
ஒரு டன்ஜன் மாஸ்டர்